இடிபாட்டுக்குப் பக்கத்துல ஒரு டெண்ட்: பேரிடர் மீட்புல ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எப்படி நடக்குது

1970ல கலிஃபோர்னியால 13 நாள் விடாம காட்டுத்தீ எரிஞ்சுது. 16 பேர் செத்துப்போனாங்க, 700க்கும் மேல கட்டடம் சாம்பலாச்சு, அஞ்சு லட்சம் ஏக்கருக்கு மேல கருகிப்போச்சு. தீ அடங்கினதுக்கு அப்புறம் எங்க தப்பு நடந்துச்சுன்னு உக்காந்து பார்த்தாங்க. வண்டி பத்தலையா, ஆள் பத்தலையான்னு தேடினா பெரிய கோளாறு அங்க இல்ல. ஒவ்வொரு துறையும் வேற வேற ரேடியோ அலைவரிசையில பேசிட்டு இருந்திருக்கு, ஒரே கருவிக்கு ஆளாளுக்கு ஒரு பேரு, ஒரே அதிகாரிகிட்ட அளவுக்கு மீறி ஆளுங்க வந்து உத்தரவு கேட்டு நின்னிருக்காங்க, இங்க யாரு தலைமைங்கிறதே தெளிவா இல்ல, எல்லாரும் சேர்ந்து போட்ட பிளான்னு ஒண்ணு கெடையவே கெடையாது. தீயணைப்பு வீரர்கள் ஒருத்தர் கூட உழைப்புல குறை வைக்கல, ஆனா அந்த உழைப்பைக் கோர்த்து ஒரு பக்கமா கொண்டு போற ஏற்பாடு இல்ல.

இதை முதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பேரிடர் மீட்புன்னதும் நம்ம கண்ணுக்கு வர்றது ஹெலிகாப்டர், மோப்ப நாய், கயித்துல தொங்கிட்டு இறங்குற வீரர். அதெல்லாம் நிஜம்தான், அவங்களுக்கு என்ன மரியாதை கொடுத்தாலும் தகும். ஆனா அந்த வீரர் சரியான கட்டடத்துக்கு, சரியான நேரத்துக்கு, சரியான கருவியோட போய்ச் சேர்ந்தாரா, அவருக்கு அடுத்த ஷிஃப்ட்ல மாத்து ஆள் வந்துச்சா, ஜெனரேட்டருக்கு டீசல் வந்துச்சா, வெளிய எடுத்த ஆளை ஏத்திட்டுப் போக ஆம்புலன்ஸ் ரெடியா நின்னுச்சா, இதெல்லாம் பக்கத்துல ஒரு டெண்ட்ல ஒயிட்போர்டையும் மேப்பையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்குற நாலஞ்சு பேர் கையிலதான் இருக்கு. அவங்க பண்றதுக்குப் பேருதான் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட். அதுல சறுக்கினா எவ்வளவு வீரம் இருந்தாலும் உயிர் போகும், இதுதான் நான் சொல்ல வர்ற விஷயம்.

"ஆபத்து நேரத்துல எவனாவது பிளான் போட்டுட்டு உக்காந்திருப்பானா, குதிச்சு வேலையைப் பார்க்க வேண்டாமா"ன்னு நிறைய பேர் கேப்பாங்க. முதல் சில மணி நேரத்துக்கு அது முழுக்க சரி. 1995ல ஜப்பான்ல கோபே நிலநடுக்கம் வந்தப்ப இடிபாட்டுல இருந்து வெளிய வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களை இழுத்துப் போட்டது பக்கத்து வீட்டுக்காரங்களும் சொந்தக்காரங்களும்தான், எந்த டீமும் வர்றதுக்கு முன்னாடியே. கைக்கு எட்டுற தூரத்துல இருக்குறவங்களைக் காப்பாத்த யாரும் மீட்டிங் போட வேண்டியதில்ல. ஆனா அவங்களை எடுத்ததுக்கு அப்புறம் மிச்சம் இருக்குறவங்க கான்கிரீட் ஸ்லாபுக்கு அடியில ரெண்டு மூணு மாடி ஆழத்துல இருக்காங்க. அங்க வெறும் கையால தோண்டினா மேல இருக்குறது சரிஞ்சு உள்ள இருக்குறவரும் சாவாரு, தோண்டினவரும் சாவாரு. அங்க முட்டுக் கொடுக்கணும், வெட்டணும், சத்தம் கேக்கணும், டாக்டர் உள்ள போகணும், எல்லாம் ஒரு வரிசையில நடக்கணும். பிளான் தேவைப்படுறது இந்த இடத்துலதான்.

சாதாரண ப்ராஜெக்டுக்கும் இதுக்கும் எங்க வித்தியாசம்னு பார்த்தா, வீடு கட்டுறவங்க எத்தனை ரூம், எவ்வளவு செலவு, எப்ப முடியணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டுவாங்க. மீட்புல வேலையோட அளவே தெரியாது. எத்தனை பேர் உள்ள மாட்டியிருக்காங்க, எத்தனை பேர் உயிரோட இருக்காங்க, ரோடு இருக்கா, பாலம் நிக்குதா, இன்னொரு அதிர்வு வருமா, எதுக்குமே பதில் கிடையாது. வேலை ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் வேலை என்னன்னே தெரிய வரும். ஆளுங்க யாருன்னு பார்த்தா நேத்து வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்க மாட்டாங்க, பத்து நிறுவனம், நாலு மொழி, ஆளுக்கொரு யூனிஃபார்ம். கெடு தேதியை நீங்க வைக்க முடியாது, உள்ள இருக்குறவரோட தண்ணியும் மூச்சும் வைக்கும்.

அதனால இங்க பிளான்னா ஆறு மாசத்துக்குப் போடுற பெரிய பிளான் கிடையாது. 12 மணி நேரத்துக்கோ 24 மணி நேரத்துக்கோ மட்டும் போடுற சின்ன பிளான், அது முடியுறதுக்குள்ள அடுத்தது ரெடியாகிடணும். கலிஃபோர்னியா தீக்கு அப்புறம் ஃபயர்ஸ்கோப்னு ஒரு கூட்டு முயற்சி ஆரம்பிச்சு, அதுல இருந்து வந்ததுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்ங்கிற முறை, இன்னைக்கு உலகத்துல பல நாடுகள் அவங்கவங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தி இதைத்தான் பயன்படுத்துறாங்க. அதோட இதயமே இந்த குட்டி சுழற்சிதான்.

அந்த சுழற்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ராத்திரி ஷிஃப்ட் களத்துல வேலை பார்த்துட்டு இருக்கு. அதே நேரத்துல டெண்ட்ல இருக்குற பிளானிங் டீம் காலையில வரப்போற ஷிஃப்டுக்கான வேலையை எழுதிட்டு இருக்கு. முதல்ல கமாண்டர் குறிக்கோளைச் சொல்வாரு. "சீக்கிரமா எல்லாரையும் மீட்கணும்"ங்கிறது குறிக்கோள் இல்ல, அது ஆசை. "சாயங்காலம் 6 மணிக்குள்ள மூணாவது பகுதியில மிச்சம் இருக்குற கட்டடம் எல்லாத்துலயும் முதல் சுத்துத் தேடலை முடிச்சு, சத்தம் வர்ற இடத்தை மேப்ல குறிச்சு வைக்கணும்", இதுதான் குறிக்கோள், ஏன்னா 6 மணிக்கு நடந்துச்சா இல்லையான்னு பார்த்துச் சொல்லிடலாம். அடுத்து களத்தை நடத்துறவர் இதை எப்படிப் பண்ணப் போறோம், எத்தனை டீம், என்ன கருவின்னு சொல்வாரு. சாமான், வண்டியெல்லாம் ஏற்பாடு பண்ற லாஜிஸ்டிக்ஸ் ஆள் அந்த இடத்துலயே "நீங்க கேக்குற கிரேன் நாளைக்கு மதியம்தான் வரும்"னு சொல்லிடணும், பாதுகாப்பு அதிகாரி "அந்தச் சுவர் சாஞ்சு நிக்குது, அந்தப் பக்கம் ஆள் போகக்கூடாது"ன்னு சொல்லணும். பிளான் அங்கேயே மாறும். அப்புறம்தான் கையெழுத்து.

கடைசியில ஒவ்வொரு டீம் லீடர் கைக்கும் போறது ஒரே ஒரு தாள். அதுல அவரோட டீம்ல யார் யாரு, எந்த இடம், என்ன வேலை, யாருகிட்ட ரிப்போர்ட் பண்ணணும், எந்த ரேடியோ சேனல், அங்க என்ன ஆபத்து, அடிபட்டா எங்க தூக்கிட்டுப் போகணும், இவ்வளவுதான் இருக்கும். ஷிஃப்ட் மாறும்போது எல்லாரையும் நிக்க வச்சு கொஞ்ச நேரத்துல இதைப் படிச்சுக் காட்டி அனுப்புவாங்க. பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ஆனா தூக்கமே இல்லாம, தூசிக்குள்ள, பக்கத்துல ஒரு குடும்பமே அழுதுட்டு இருக்குற நேரத்துல ஒரு மனுஷனுக்கு அடுத்து என்ன பண்ணணும்னு சந்தேகம் வராம இருக்குறதுக்கு அந்தத் தாள்தான் துணை.

இந்த முறையில வேலையை அஞ்சாப் பிரிச்சிருக்காங்க: தலைமை, களப்பணி, திட்டமிடல், லாஜிஸ்டிக்ஸ், நிதி நிர்வாகம். ஒருத்தருக்குக் கீழ நேரடியா மூணுல இருந்து ஏழு பேர் வரைக்கும்தான் இருக்கணும், அஞ்சு பேர் இருந்தா ரொம்ப நல்லதுன்னு வச்சிருக்காங்க. அதுக்கு மேல போனா நடுவுல இன்னொரு லீடரைப் போடணும். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு மேலாளர்தான். கேக்க கண்டிப்பு மாதிரி இருக்கும், ஆனா 1970ல செத்துப்போனவங்களை நினைச்சுப் பார்த்தா இந்த எண்ணெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரியும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, சின்ன சம்பவத்துல ஒரே ஆள் இந்த அஞ்சு வேலையையும் பார்க்கலாம், சம்பவம் பெருசாகப் பெருசாக ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் கொடுத்துட்டே போகலாம், திரும்பச் சின்னதாகும்போது அதே மாதிரி மடக்கிக்கலாம்.

பல துறை சேர்ந்து வேலை பார்க்குற இடத்துல தலைமை யாருக்குங்கிற சண்டை எப்பவும் வரும். அதுக்குக் கூட்டுத் தலைமைன்னு ஒரு வழி வச்சிருக்காங்க, போலீஸ், தீயணைப்பு, மருத்துவம்னு ஒவ்வொரு துறையில இருந்தும் ஒருத்தர் ஒரே மேசையில உக்காந்து ஒரே பிளான்ல கையெழுத்துப் போடணும். அப்படி உக்காராததோட விலை 2001 செப்டம்பர் 11ல நியூயார்க்ல உலக வர்த்தக மையத்தோட ரெட்டைக் கோபுரத்தை விமானங்கள் தாக்குனப்ப தெரிஞ்சுது. போலீசும் தீயணைப்புத் துறையும் தனித்தனியா கட்டளை மையம் வச்சிருந்தாங்க. வடக்கு கோபுரம் விழுந்துடும் போல இருக்குன்னு போலீஸ் ஹெலிகாப்டர்ல இருந்து எச்சரிக்கை வந்துச்சு, அது போலீஸ் ரேடியோல போச்சு, உள்ள இருந்த தீயணைப்பு வீரர்களோட தலைவர்களுக்கு அது போய்ச் சேரல. அன்னைக்கு மொத்தம் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. எல்லார் சாவுக்கும் இந்த ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா பக்கத்துப் பக்கத்துல நின்ன ரெண்டு துறைக்கு நடுவுல ஒரு தகவல் தாண்ட முடியலைங்கிறது விசாரணை ஆணைய அறிக்கையிலயே இருக்கு.

இப்ப சிலி சுரங்கத்துக்கு வருவோம், மீட்பை ஒரு ப்ராஜெக்டா நடத்துனதுக்கு அதை விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. 2010 ஆகஸ்ட் 5ல சான் ஹோசே சுரங்கம் சரிஞ்சு 33 பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. உயிரோட இருக்காங்களான்னே தெரியாது. மேல இருந்து பல துளை மெஷினை ஒரே நேரத்துல இறக்குனாங்க, ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு போய்ச் சேரட்டும்னு. சுரங்கத்தோட வரைபடம் பழசு, பாறையோ ரொம்ப கெட்டி, துளை வளைஞ்சு வளைஞ்சு வேற பக்கம் போகுது. 17வது நாள், ஆகஸ்ட் 22ல, சுமார் 690 மீட்டர் ஆழத்துல ஒரு துளை அவங்க இருந்த இடத்தைத் தொட்டுச்சு. மெஷினை மேல இழுத்தப்ப அதுல கட்டியிருந்த சீட்டுல 33 பேரும் பத்திரமா இருக்கோம்னு எழுதியிருந்துச்சு.

அதுக்கு அப்புறம் பண்ணதுதான் முக்கியம். அந்தச் சின்ன துளை வழியா சாப்பாடு, தண்ணி, மருந்து, கடுதாசி எல்லாம் போக ஆரம்பிச்சுது, அதாவது உள்ள இருக்குறவங்களை உயிரோட வச்சிருக்குற வேலையும் வெளிய எடுக்குற வேலையும் தனித்தனியாச்சு. இது பெரிய விஷயம், ஏன்னா முதல் வேலை உறுதியானா ரெண்டாவது வேலைக்கு நிதானமா யோசிக்க நேரம் கிடைக்குது. எடுக்குற வேலைக்கு, அதாவது ஒரு ஆள் வர்ற அளவுக்குத் துளை போடுறதுக்கு, ஒரு வழியை மட்டும் நம்பல. பிளான் ஏ, பிளான் பி, பிளான் சின்னு மூணு வேற வேற மெஷின், மூணு வேற வேற முறை, மூணையும் ஒரே நேரத்துல ஓட்டுனாங்க. பொறுப்புல இருந்தவர் ஆந்த்ரே சூகாரெட்னு ஒரு சுரங்கப் பொறியாளர். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆகலாம்னுதான் ஆரம்பத்துல சொன்னாங்க. பிளான் பி நடுவுல உள்ள இருந்த இரும்புல மோதி துளைக்கிற தலை உடைஞ்சு நின்னே போச்சு, அப்புறம் உடைஞ்சதை எடுத்துட்டுத் திரும்ப ஓட்டி, கடைசியில அதுதான் அக்டோபர் 9ல முதல்ல போய்ச் சேர்ந்துச்சு. அந்த ஒண்ணை மட்டும் நம்பி இருந்து அது உடைஞ்ச அன்னைக்கு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

துளை போய்ச் சேர்ந்ததும் உடனே தூக்கல. துளையோட பக்கச் சுவர் உதிராம இருக்க முழு ஆழத்துக்கும் இரும்புக் குழாய் இறக்கலாமா, இறக்குனா இன்னும் எத்தனை நாள் ஆகும், இறக்கும்போது குழாயே நடுவுல சிக்கிக்கிச்சுன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சு, பாறை பலவீனமா இருந்த மேல் பகுதிக்கு மட்டும் இறக்குனாங்க. ஆளைத் தூக்குற கூண்டை முதல்ல காலியா ஓட்டிப் பார்த்தாங்க. ஆளுங்களை எந்த வரிசையில ஏத்துறதுங்கிறதுக்கும் கணக்கு இருந்துச்சு. உடம்பு தெம்பா இருக்குற, தொழில் தெரிஞ்ச சில பேர் முதல்ல, ஏன்னா வழியில ஏதாவது கோளாறுன்னா அவங்களாலதான் சமாளிச்சு மேல வந்து விவரம் சொல்ல முடியும். அடுத்து உடம்பு சரியில்லாதவங்க. அப்புறம் மத்தவங்க. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் லூயிஸ் உர்சுவா கடைசி ஆளா வந்தாரு. அக்டோபர் 13ல ஒரு நாள் முடியுறதுக்குள்ள 33 பேரும் மேல வந்தாச்சு, உள்ள போய் 69 நாள் ஆயிருந்துச்சு.

2023 நவம்பர்ல உத்தரகாண்ட்ல சில்க்யாரா சுரங்கப்பாதையில 41 தொழிலாளர்கள் மாட்டுனப்பவும் இதே மாதிரிதான், குழாய் வழியா சாப்பாடு போயிட்டு இருந்துச்சு, பக்கவாட்டுல திருகு மாதிரி சுத்தித் துளைக்கிற ஆகர் மெஷின், மேல மலையில இருந்து செங்குத்தா இன்னொரு துளைன்னு வழிகள் ஒண்ணோட ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு. ஆகர் மெஷின் உடைஞ்சு உள்ளேயே சிக்கினப்ப, மிச்ச தூரத்தை கையால தோண்டுற எலி வளைச் சுரங்கத் தொழிலாளர்கள் முடிச்சாங்க. 17வது நாள் எல்லாரும் வெளிய வந்தாங்க.

தாய்லாந்து தாம் லுவாங் குகை வேற மாதிரி பாடம். 2018 ஜூன் 23ல 12 பசங்களும் அவங்க கோச்சும் உள்ள போனாங்க, மழைத் தண்ணி வழியை அடைச்சிடுச்சு. ஜூலை 2ல ரெண்டு பிரிட்டிஷ் டைவர்கள் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு அப்புறம் மூணு வழி மேசையில இருந்துச்சு: மழைக்காலம் முடியுற வரைக்கும் மாசக்கணக்குல உள்ளேயே வச்சுக் காப்பாத்துறது, மலை மேல இருந்து துளை போடுறது, தண்ணிக்குள்ள முக்கி எடுத்துட்டு வர்றது. மூணாவதுதான் பயங்கரமானது, டைவிங் பழக்கமே இல்லாத பசங்க. ஆனா பசங்க இருந்த இடத்துல ஆக்சிஜன் 15 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு, பெரிய மழை வரப்போகுதுன்னு வானிலை சொல்லுது. ஜூலை 6ல காத்து சிலிண்டர் வச்சுட்டுத் திரும்புன முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் தண்ணிக்குள்ளயே இறந்துட்டாரு. பாதுகாப்பான வழின்னு எதுவுமே இல்லாத இடத்துல, இருக்குறதுல எது குறைஞ்ச ஆபத்துன்னு பார்த்து, அதையும் மழை வர்றதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டிய நிலைமை.

அந்த முடிவை எடுத்ததுக்கு அப்புறம் வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்ச விதத்தை நான் திரும்பத் திரும்ப யோசிச்சிருக்கேன். மயக்க மருந்து கொடுக்க ஒரு டாக்டர் வேணும், அவரு குகை டைவராவும் இருக்கணும், அப்படி ஒருத்தரா ரிச்சர்ட் ஹாரிஸ் ஆஸ்திரேலியால இருந்து வந்தாரு. ஒரு பையனை மயக்கத்துல தண்ணிக்குள்ள கொண்டு வர்ற திறமை இருந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர், அதனால ஆயிரக்கணக்குல ஆள் வெளிய நின்னாலும் ஒரு நாளைக்கு எத்தனை பசங்கன்னு முடிவு பண்ணது அந்த சில பேரும் காத்து சிலிண்டரும்தான். ஜூலை 8ல நாலு பேர், 9ல நாலு பேர், 10ல அஞ்சு பேர். உள்ளூர்ப் பசங்களை வச்சு நீச்சல் குளத்துல ஒத்திகை பார்த்தாங்க, முகமூடி பொருந்துதா, பையனைப் பிடிச்சுக்கிட்டு நீந்த முடியுதான்னு. வழி நெடுக எந்த அறையில யாரு நிக்கணும், யாரு யாருகிட்ட பையனைக் கைமாத்தணும், மாத்து சிலிண்டர் எங்க இருக்கும்னு எல்லாம் முன்னாடியே முடிவாயிருந்துச்சு. இதோட பம்ப் வச்சு ராப்பகலா தண்ணியை வெளிய இறைச்சுட்டு இருந்தாங்க, அந்தத் தண்ணி பக்கத்து வயல்கள்ல போய் நிறைஞ்சு பயிர் அழிஞ்சுது, விவசாயிகள் பொறுத்துக்கிட்டாங்க. எல்லாப் பசங்களும் வந்து, கடைசி வீரர்கள் வெளியேறிட்டு இருந்தப்ப முக்கிய பம்ப் நின்னு தண்ணி ஏற ஆரம்பிச்சுது. அவங்களும் தப்பிச்சு வந்துட்டாங்க.

இதெல்லாம் ஒரே இடம், எண்ணிச் சொல்லக்கூடிய ஆளுங்க. பெரிய நிலநடுக்கம்னா கணக்கே மாறும், ஆயிரம் கட்டடம் ஒரே நேரத்துல விழுந்து கிடக்கும், இருக்குறது அம்பது டீமா இருக்கலாம். எந்தக் கட்டடத்துக்கு முதல்ல போறதுங்கிறது மனசை அறுக்குற முடிவு. 1985 மெக்சிகோ, 1988 ஆர்மீனியா நிலநடுக்கங்கள்ல பல நாட்டு டீமும் வந்து ஒழுங்கில்லாம நின்ன அனுபவத்துல இருந்துதான் 1991ல ஐநா கீழ இன்சராக்னு ஒரு அமைப்பு உருவாச்சு. அவங்க தேடலை அஞ்சு நிலையாப் பிரிச்சிருக்காங்க. முதல் நிலை, முழுப் பகுதியையும் வேகமா சுத்திப் பார்க்குறது. ரெண்டாவது, பகுதிக்குள்ள எந்தெந்தக் கட்டடத்துல உயிரோட ஆள் இருக்க வாய்ப்புன்னு வரிசைப்படுத்துறது. மூணாவது, வேகமா முடிக்கக்கூடிய தேடலும் மீட்பும். நாலாவது, நாள்கணக்குல வெட்டி உள்ள போறது. அஞ்சாவது, இறந்தவங்க உடல் உட்பட முழுசாத் தேடுறது. ஒரு டீம் முதல் கட்டடத்துலயே நாலாவது நிலைக்குப் போய் ரெண்டு நாள் உக்காந்துட்டா, அடுத்த தெருவுல ரெண்டு மணி நேரத்துல எடுக்கக்கூடிய அஞ்சு பேர் செத்துடலாம். கண்ணு முன்னாடி ஒரு அம்மா கதறும்போது "இந்தக் கட்டடம் அப்புறம்தான்"னு சொல்றதுக்கு ஒரு மனுஷனால முடியாது, அதனாலதான் அந்த முடிவை அவர் தலையில மட்டும் கட்டாம முறையா முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க.

ஒவ்வொரு இடிஞ்ச கட்டடத்துச் சுவர்லயும் ஸ்ப்ரே பெயின்ட்ல ஒரு கட்டம் போட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதுக்குள்ள அந்த இடத்தோட எண், எந்த டீம் வந்துச்சு, எந்த நிலைத் தேடல் முடிஞ்சுது, என்னைக்கு. கட்டத்துக்கு மேல கேஸ் கசிவு மாதிரி ஆபத்து இருந்தா அது. அந்த இடத்துல இனிமே வேலை இல்லைன்னு உறுதியானா குறுக்க ஒரு கோடு. போன் டவர் விழுந்து, நெட் இல்லாம, மொழி தெரியாத இன்னொரு டீம் நடு ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தாலும் ஒரு பார்வையில நிலைமை புரிஞ்சிடும். தேடுன கட்டடத்தையே திரும்பத் தேடுறது எவ்வளவு உயிரைக் குடிக்கும்னு யோசிச்சா இந்த பெயின்ட் டப்பாவோட மதிப்பு தெரியும்.

வர்ற டீம்களுக்கும் தரம் பிரிச்சிருக்காங்க. கனரக டீம்னா ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல, 24 மணி நேரமும், பத்து நாள் வரைக்கும் வேலை பார்க்குற பலம் இருக்கணும், நடுத்தர டீம்னா ஒரு இடத்துல ஏழு நாள். சாப்பாடு, தண்ணி, தங்குற இடம் எல்லாம் அவங்களே கொண்டு வரணும், ஏற்கனவே நொந்து போன ஊருக்கு அவங்க பாரமாயிடக் கூடாது.

பேரிடர்ல மீட்பு சிக்கிக்கிறது பெரும்பாலும் களத்துல இல்ல, களத்துக்கு வர்ற வழியில. 2010 ஜனவரி 12ல ஹைட்டி நிலநடுக்கம் வந்தப்ப தலைநகர் விமான நிலையத்துல ஒரே ஒரு ஓடுதளம், கட்டுப்பாட்டுக் கோபுரம் சேதம், விமானம் நிறுத்தவும் இடம் கொஞ்சம். உலகம் முழுக்க இருந்து விமானம் கிளம்பி வந்துடுச்சு. அமெரிக்க ராணுவம் வான் போக்குவரத்தைக் கையில எடுத்து ஒவ்வொரு விமானத்துக்கும் நேரம் ஒதுக்குற முறையைக் கொண்டு வந்துச்சு, விமானங்கள் இறங்குற எண்ணிக்கை நல்லா ஏறுச்சு. ஆனா எது முதல்ல இறங்கணும்னு முடிவு பண்றதுல பிரச்சனை வந்துச்சு, நடமாடும் மருத்துவமனைச் சாமான் ஏத்திட்டு வந்த விமானங்களையே பக்கத்து நாட்டுக்குத் திருப்பி விட்டாங்க, அங்க இருந்து ரோட்டுல வர நேரம் போச்சு. எது நெரிசலான வாசலோ அங்க வரிசையை நிர்ணயிக்கிறவருக்கு மருத்துவத் தேவை என்னன்னு சொல்ற ஆள் பக்கத்துலயே உக்காந்திருக்கணும். ஹைட்டில இன்னொண்ணும் நடந்துச்சு, ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் பெரும்பாலும் ஐநா வளாகத்துக்குள்ள ஆங்கிலத்துல நடந்துச்சு, அந்த ஊர் ஆளுங்களும் உள்ளூர் அமைப்புகளும் உள்ள வர்றதே கஷ்டமாப் போச்சு. ஊரைத் தெரிஞ்சவங்களை வெளிய நிக்க வச்சுட்டு ஊருக்கு பிளான் போடுறது பெரிய தப்புன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

நல்ல மனசோட வர்ற உதவியும் ஏற்பாடு இல்லைன்னா பாரமாகும். 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேசியாவோட ஆச்சே பகுதிக்கு சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிஞ்சுது, அதுல பாதிக்கு மேல அந்த நாட்டோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே இல்லாதது, நிறைய லேபிள் அங்க உள்ளவங்களுக்குப் புரியாத மொழியில. அதைப் பிரிக்கவும் வைக்கவும் அழிக்கவும் ஆளும் இடமும் பணமும் போச்சு. தன்னார்வலர்களும் அப்படித்தான், நேரா இடிபாட்டு மேல ஏறி நின்னா கீழ இருந்து வர்ற முனகல் சத்தம் யாருக்கும் கேக்காது. அதுக்குத்தான் களத்துக்குத் தள்ளி ஒரு இடத்துல எல்லாரையும் நிறுத்தி, பேரு, திறமை, கொண்டு வந்த கருவி எல்லாம் பதிஞ்சு, கூப்பிடும்போது மட்டும் அனுப்புறது. அந்தப் பதிவு இன்னொண்ணுக்கும் உதவும்: கட்டடம் திரும்பச் சரிஞ்சா உள்ள யார் யாரு இருந்தாங்கன்னு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மீட்டு வெளிய கொண்டு வந்தவங்களை வச்சுக் காப்பாத்துறதும் இதே ப்ராஜெக்டோட பாகம்தான். ஸ்ஃபியர்ங்கிற சர்வதேச அளவுகோல்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கழிப்பறைன்னு வச்சிருக்காங்க. பத்தாயிரம் பேர் முகாம்னா தினமும் ஒன்றரை லட்சம் லிட்டர், 500 கழிப்பறை. இந்தக் கணக்கை முதல் நாளே போடலைன்னா ரெண்டாவது வாரம் காலரா வந்து கதவைத் தட்டும். செலவு எழுதுற வேலையை நிறைய பேர் மட்டமா நினைப்பாங்க, ஆனா வாடகைக்கு எடுத்த கிரேனுக்குப் பணம் போகலைன்னா அடுத்த தடவை கூப்பிடும்போது அவன் வரமாட்டான், அடிபட்ட தொழிலாளிக்கு ஈடு கேக்கும்போது அவர் அன்னைக்கு அங்க வேலை பார்த்தாருன்னு காட்ட ஒரு தாள் வேணும்.

எல்லாத்தையும் விடக் கஷ்டமான முடிவு எப்ப நிறுத்துறதுங்கிறது. உயிரோட எடுக்குற தேடலை முடிச்சு, உடல்களை எடுக்குற வேலைக்கு மாறுற அந்த அறிவிப்பு. நாள் ஆக ஆக உயிரோட கிடைக்குற வாய்ப்பு வேகமா இறங்கும், ஆனா பூஜ்யம்னு யாராலயும் சொல்ல முடியாது, ரொம்ப நாள் கழிச்சும் ஒண்ணு ரெண்டு பேர் உயிரோட கிடைச்சிருக்காங்க. கனரக மெஷினை இறக்கிட்டா அந்த ஒருத்தருக்கும் வாய்ப்பு போச்சு, இறக்காம இருந்தா முகாம்ல இருக்குற ஆயிரம் பேருக்கு ரோடு திறக்காது. இதை ஒரு தனி ஆள் தோராயமா முடிவு பண்ணக் கூடாது. இடிபாட்டுக்குள்ள வெற்றிடம் இருக்குற மாதிரி விழுந்திருக்கா, வெயில் குளிர் எப்படி, கடைசியா எப்ப சத்தம் கேட்டுச்சு, நாயும் கருவியும் என்ன சொல்லுது, டாக்டர் என்ன சொல்றாரு, எல்லாத்தையும் வச்சுக் கட்டடம் கட்டடமா முடிவு பண்ணி, எழுதி வச்சு, முதல்ல அந்தக் குடும்பத்துக்கு நேர்ல போய்ச் சொல்லணும். குடும்பம் டிவியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிற மாதிரி விடுறது மன்னிக்க முடியாத விஷயம். தினமும் ஒரே நேரத்துல, ஒரே ஆள், தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரியும் தெரியாததைத் தெரியலைன்னும் சொல்லிட்டு வந்திருந்தா, அந்தக் கடைசித் தகவலையும் அவங்க நம்புவாங்க.

வேலை முடிஞ்சதும் டீம்களை அனுப்புறதுக்கும் பிளான் வேணும், யாரு முதல்ல கிளம்பணும், தூங்காத டிரைவர் ராத்திரியே வண்டி எடுக்கக் கூடாது, வாங்குன கருவி யாருகிட்ட போகணும், மனசு உடைஞ்சவங்களை யாரு கவனிக்கிறது. கூடவே, எல்லாரும் கலைஞ்சு போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உக்காந்து என்ன நடக்கணும்னு நினைச்சோம், நிஜத்துல என்ன நடந்துச்சு, ஏன் அந்த வித்தியாசம், அடுத்து என்ன மாத்தணும்னு பேசி எழுதுறது. நிறைய இடத்துல இந்த அறிக்கை எழுதப்பட்டு அலமாரிக்குப் போயிடுது. ஒவ்வொரு குறைக்கும் எதிர்ல அதைச் சரி பண்ணப் போறவர் பேரும் ஒரு தேதியும் எழுதி, அந்தத் தேதியில யாராவது போய்க் கேட்டா மட்டும்தான் அடுத்த நிலநடுக்கத்துக்கு முன்னாடி அந்த ரேடியோ சேனல் ஒண்ணாகும், அந்த ஜெனரேட்டர் ரிப்பேர் ஆகும், அந்தத் தன்னார்வலர் பட்டியல் ரெடியா இருக்கும்.